சிகிச்சைக்கு ஒரு ஆக்டிங் டிரைவர்

1. திரையில் வந்த ஆள்

கோர்ட் டவாலி "சுருளிராஜ்" என்று கூப்பிட்டு முடிப்பதற்குள் திரையில் ஒருவர் எழுந்து கும்பிட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து வீடியோ கான்பரன்ஸ். வெள்ளைச் சட்டை, நெற்றி நிறையத் திருநீறு, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. பெண் பார்க்க வந்தவர் போல அவ்வளவு அடக்கமாக நின்றார். நீதிபதி ஐயாவின் முகம் மலர்ந்துவிட்டது. நான் மட்டும் திரையை இன்னொரு தடவை உற்றுப் பார்த்தேன். திரையில் நின்ற ஆள் சுருளிராஜ் இல்லை.

நான் அப்போது கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு மாஜிஸ்திரேட் கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க். நீதிபதியின் மேசைக்குக் கீழே உட்கார்ந்து வழக்குக் கட்டுகளை எடுத்துக் கொடுப்பதும், அவர் சொல்லும் உத்தரவைக் குறித்துக்கொள்வதும் என் வேலை. எந்த ஊர் கோர்ட் என்று சொல்லப் போவதில்லை. சொன்னால் இப்போது அங்கே இருக்கிறவர்களுக்குச் சங்கடம். எனக்கென்ன, ஓய்வு பெற்றவள், எழுதிவிட்டுக் காலை நீட்டிப் படுத்துவிடுவேன். கோர்ட் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகள் படித்தால் போதும்.

சுருளிராஜை எனக்கு நன்றாகத் தெரியும். சொந்த ஜீப் வைத்து ஓட்டுகிறவர். விடிவதற்கு முன்னால் ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு மலைப்பாதையில் கேரளாவுக்குப் போவார். சாயங்காலம் திரும்ப இறக்கிக்கொண்டு வருவார். ஆள் வாட்டசாட்டமாக இருப்பார், மீசை கன்னத்தில் பாதியை மறைக்கும். திரையில் நின்றவருக்கு மீசையும் இல்லை, மறைப்பதற்குக் கன்னமும் இல்லை.

நீதிபதி ஐயா கடலூர்ப் பக்கத்துக்காரர், இளைஞர். சுருளிராஜை அவர் பார்த்தது ஒரே ஒரு தடவை, அதுவும் பெட்டி கேஸ் என்னும் சில்லறை வழக்குக் கூட்டத்துக்கு நடுவில். குடியை விட்டால் மனிதன் இந்த அளவுக்கு மாறிவிடுவான் என்று நினைத்துக்கொண்டாரோ என்னவோ, சந்தோஷமாகப் பேச ஆரம்பித்துவிட்டார்.

"என்ன சுருளிராஜ், ஆளே மாறிட்டீங்களே. ஆஸ்பத்திரி ரிப்போர்ட் எல்லாம் பாத்தேன். இந்த பேட்ச்லயே நீங்கதான் முதல்னு எழுதியிருக்காங்க."

"எல்லாம் இந்தம்மா சொல்லிக் குடுத்ததுங்கய்யா" என்று அவர் தன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆஸ்பத்திரி ஆலோசகர் அம்மாவைக் காட்டினார்.

நான் எழுந்து நீதிபதியின் பக்கம் திரும்பி, குரலைத் தணித்து, "ஐயா, இது சுருளிராஜ் இல்லைங்கய்யா" என்றேன். எங்கள் மைக் புது மைக். கிசுகிசுத்தாலும் விடாது. என் குரல் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சுற்றிக்கொண்டு திரும்பி வந்து கோர்ட் முழுவதும் கேட்டது.

திரையில் இருந்தவர் கொஞ்சமும் பதறவில்லை.

"ஆமாங்கய்யா, அவரு வண்டிக்குப் போயிருக்காரு. நான் அவருக்கு ஆக்டிங். என் பேரு செல்லப்பாண்டி" என்றார்.

அரசு வக்கீல் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "கோர்ட்லயே ஆள்மாறாட்டம்! ரெண்டு பேரையும் உள்ள தள்ளணும் யுவர் ஆனர்!" என்று கத்தினார். அதுவரை நெளிந்துகொண்டிருந்த பெட்டி கேஸ்காரர்கள் எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்கள். அடுத்தவன் மாட்டிக்கொண்டால் நம் ஊரில் எல்லாருக்கும் ஒரு தெம்பு வந்துவிடும்.

2. அபராதப் பணம் எங்கே போனது

ஆஸ்பத்திரியில் ஒரு கேமராவும் கோர்ட்டில் ஒரு திரையும் எப்படி வந்தன என்பதைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

எங்கள் கவுண்டரில் அபராதம் கட்டுகிறவர்கள் ரசீதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே ஒரு கேள்வி கேட்பார்கள்.

"ஏக்கா, இம்புட்டும் வாங்குறீகளே, இதெல்லாம் எங்கன போகுது?"

"கவர்மென்டுக்கு" என்பேன்.

"கவர்மென்டு எங்கன இருக்கு?" என்று திருப்பிக் கேட்பார்கள். அதற்கு மேல் எனக்கும் தெரியாது. "போய்யா, ஹெல்மெட்ட போட்டுட்டு போ" என்று விரட்டிவிடுவேன்.

பிறகு எங்கள் மாவட்டத்தில் சோதனை முயற்சியாக ஓர் ஏற்பாடு வந்தது. போக்குவரத்து அபராதத்தில் ஒரு பங்கு மாவட்டத்துக்கே திரும்பி வரும். அதில் கோர்ட்டுக்கு வேண்டிய கருவிகள் வாங்கலாம். மிச்சத்தை, குடித்துவிட்டு வண்டி ஓட்டிப் பிடிபட்டவர்களுக்குக் குடியை நிறுத்தும் சிகிச்சைக்குச் செலவழிக்கலாம். முதலில் திரை வந்தது, கேமரா வந்தது, நான் சொன்ன அந்தக் காது கூர்மையான மைக் வந்தது. அதற்கு முன்பெல்லாம் விசாரணைக் கைதி ஒருவருக்குக் காவலை நீட்டிக்க வேண்டுமென்றால் இரண்டு போலீஸ்காரர்கள் அவரைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி வருவார்கள். நீதிபதி முன்னால் ஒரு நிமிடம் நிறுத்திவிட்டு மறுபடியும் பஸ் ஏறுவார்கள். மேகமலை எஸ்டேட்டிலிருந்து ஒரு சாட்சி வர வேண்டுமென்றால், அந்த ரோட்டில் இடுப்பு ஒடியச் சின்னமனூருக்கு இறங்கி, அங்கிருந்து பஸ் பிடித்து வந்து சேர்வார். வந்து சேர்ந்தால் அன்றைக்கு வக்கீல் வாய்தா வாங்கியிருப்பார். திரை வந்த பிறகு இந்த அலைச்சல் பாதி குறைந்தது.

டிரைவர்களுக்கு விஷயம் தெரிந்ததும் அந்தத் திரை அவர்கள் சொத்தாகிவிட்டது. மத்தியானம் கோர்ட் எழுந்ததும் ஒருவன் எட்டிப் பார்த்து, "அக்கா, இன்னைக்கு மேட்ச் இருக்கு. எங்க காசுல வாங்குன டிவிதான, கொஞ்சம் போட்டு விடுறது?" என்பான். இன்னொருவன், "அதுல அந்த ஓரம் என்னோடது" என்பான். நான் திட்டுவேன். ஆனால் மனதுக்குள் எனக்குப் பிடித்திருந்தது. பணம் எங்கே போகிறது என்று கேட்டவர்களுக்கு விரலை நீட்டிக் காட்ட ஒன்று கிடைத்துவிட்டது அல்லவா?

சிகிச்சை விஷயத்தில்தான் எங்கள் ஆபீசில் பாதிப் பேர் உதட்டைப் பிதுக்கினார்கள். குடிகாரனைத் திருத்துவது கோர்ட் வேலையா என்றார்கள். ஒரே ஆள் திரும்பத் திரும்ப வந்து அபராதம் கட்டிவிட்டு நேரே கடைக்குப் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பது மட்டும் கோர்ட் வேலையா என்று நான் கேட்டேன். இந்த ஏற்பாட்டை முதல் நாளிலிருந்து ஆதரித்தவள் நான், அதில் எனக்கு இன்றைக்கும் பெருமைதான்.

விதி எளிமையானது. குடித்துவிட்டு ஓட்டி முதல் தடவை பிடிபட்டவர், குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்ட வேண்டும். லைசென்ஸை நிறுத்தி வைக்கச் சொல்லி ஆர்.டி.ஓ.வுக்குப் போக வேண்டிய கடிதத்தை நீதிபதி போடாமல் வைத்திருப்பார். பிடிபட்டவர் கோர்ட் சீட்டை எடுத்துக்கொண்டு புதன்கிழமைதோறும் எங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஆலோசனை உண்டு, மாத்திரை உண்டு. கடைசி வரை ஒழுங்காகப் போனால் அந்தக் கடிதம் போகவே போகாது. அந்த ஆலோசகர் அம்மாவின் சம்பளமும் மருந்தும் இந்த நிதியிலிருந்து வந்ததால், கோர்ட் சீட்டு இல்லாத யாரையும் அங்கே சேர்க்க முடியாது. மற்றவர்கள் தேனிக்கோ மதுரைக்கோ போக வேண்டும். கூலிக்காரனுக்கு வாரம் ஒரு நாள் பிழைப்பு போய்விடும், அதனால் யாரும் போவதில்லை.

சுருளிராஜ் இந்தச் சீட்டு வாங்கியவர்களில் ஒருவர்.

3. ஜீப் ஸ்டாண்டில் அப்படித்தான்

அன்று சாயங்காலமே இரண்டு பேரையும் கோர்ட்டுக்கு வரவழைத்தார் நீதிபதி. சுருளிராஜ் காக்கிச் சட்டையோடு மலையிலிருந்து நேராக வந்து நின்றார். செல்லப்பாண்டி அதே வெள்ளைச் சட்டையில் அவருக்குப் பக்கத்தில் நின்றார்.

"சிகிச்சைக்கு உங்களைப் போகச் சொன்னேனா, இவரைப் போகச் சொன்னேனா?" என்றார் நீதிபதி.

"என்னையத்தாங்கய்யா."

"அப்புறம்?"

"ஏலக்கா எடுப்பு நேரங்கய்யா. ஒரு நா வண்டி போகாட்டி எஸ்டேட் சேட்டன் வேற ஜீப்பப் புடிச்சுருவாக. பொம்பளையாளுக இருவது பேரு பொழப்பும் போகும். அதான் ஆக்டிங் போட்டேன்."

"ஆக்டிங்கா? சிகிச்சைக்கா?"

"பேட்டா குடுத்துத்தாங்கய்யா அனுப்புனேன்" என்றார் சுருளிராஜ், அதுதான் முக்கியமான விஷயம் போல. "டீக்கு, டிபனுக்குத் தனி. ஒரு வாரங்கூட லீவு போடல. வேணும்னா அவனையே கேளுங்க."

செல்லப்பாண்டி தலையாட்டினார். "குடுத்தாருங்கய்யா. கொறையே சொல்ல முடியாது."

நீதிபதி என்னைப் பார்த்தார். இது என்ன ஊர் என்று அந்தப் பார்வை கேட்டது. என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை, குனிந்து வழக்குக் கட்டைப் புரட்டினேன்.

வெளியூர்க்காரர்களுக்கு இது ஏமாற்று வேலையாகத்தான் தெரியும். எங்கள் ஜீப் ஸ்டாண்டுகளைப் பார்த்தவர்களுக்கு அப்படித் தெரியாது. வண்டிக்காரருக்கு ஒரு கல்யாணம், ஒரு காய்ச்சல் என்றால் அன்றைக்கு ஆக்டிங் டிரைவர் வண்டியை எடுப்பார். ஸ்டாண்டில் "சுருளி" என்று கூப்பிட்டால் அன்று சுருளியின் வண்டியை எடுத்தவர்தான் கையைத் தூக்குவார். செக்போஸ்ட்டில் கூப்பிட்டாலும், எஸ்டேட்டில் கூப்பிட்டாலும் அப்படித்தான். யாரும் அதைப் பொய் என்று நினைப்பதில்லை. வேலை நடக்க வேண்டும், ஆள் நிற்க வேண்டும், அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் முதல் வாரம் "சுருளிராஜ் யாரு" என்று கேட்டபோது செல்லப்பாண்டி கையைத் தூக்கியது அந்தப் பழக்கத்தில்தான். சிகிச்சை என்பது வேறொருவர் உடம்புக்குள் நடக்க முடியாத விஷயம் என்று இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை!

அரசு வக்கீல் விடுவதாக இல்லை. "கேமராவுல பேரைக் கூப்பிட்டப்ப எழுந்து நின்னான், யுவர் ஆனர். ஏமாத்தணும்ங்கற எண்ணம் இல்லாமலா?" என்றார்.

நீதிபதி ரெக்கார்டிங்கைப் போடச் சொன்னார். திரையில் காலையில் நடந்தது மறுபடியும் ஓடியது. நான் சொன்ன அடுத்த நொடியே, யாரும் மிரட்டாமல், யாரும் கேட்காமல், "அவருக்கு ஆக்டிங்" என்று அந்த மனிதர் தன் பெயரையும் சேர்த்துச் சொல்கிறார். நம் ஞாபகம் நமக்குச் சாதகமாகத்தான் பேசும். கேமராவுக்கு அந்தப் புத்தி கிடையாது. அரசு வக்கீல் உட்கார்ந்துவிட்டார். ஆள்மாறாட்ட வழக்கு வேண்டியதில்லை என்று நீதிபதி சொன்னார்.

ஆனால் சுருளிராஜ் தப்பவில்லை. நிபந்தனையை மீறியதால் அவருடைய லைசென்ஸை நிறுத்தச் சொல்லும் கடிதம் மறுநாளே போக வேண்டும் என்று உத்தரவு. நியாயம்தான். அவர் மீசையைத் தடவிக்கொண்டார். அடுத்து, "செல்லப்பாண்டிக்கு இந்தச் சிகிச்சையில் இடம் கிடையாது, இன்றோடு நிறுத்தப்பட வேண்டும்" என்று நீதிபதி சொல்ல, நான் எழுதிக்கொண்டிருந்தேன்.

"ஐயா" என்று செல்லப்பாண்டி கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "என்னைய உள்ள வேணாப் போடுங்க. மருந்த மட்டும் நிப்பாட்டிராதீக."

"உங்க மேல கேஸே இல்லையே. உங்களை எப்படி நான் அனுப்புறது?"

"அஞ்சாறு வாரமா நான் தொடலீங்கய்யா. கேட்டுப் பாருங்க."

சாயங்கால விசாரணைக்காக ஆஸ்பத்திரி இணைப்பை மறுபடியும் போட்டிருந்தோம். திரையில் இருந்த ஆலோசகர் அம்மா தானாகவே பேசினார். "உண்மைதான் சார். மொத வாரம் வந்தப்ப டம்ளரைப் பிடிக்க முடியாம கை நடுங்குச்சு. அவரு பேரை நான் சரி பாக்காதது என் தப்பு. ஆனா அந்த நடுக்கம் அவரோடதுதான் சார். இப்ப பாதியில விட்டா மறுபடியும் ஆரம்பிச்சுருவாரு."

நீதிபதி அந்த விதியை எடுத்துப் படித்தார். விதி அவர் போட்டது அல்ல. நிதியைக் கவனிக்கும் மாவட்டக் கமிட்டி போட்டது. குற்றம் ஒப்புக்கொண்டவருக்கு மட்டும் என்று அதில் தெளிவாக இருந்தது. "பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். கோர்ட்டில் நீதிபதி "பாக்கலாம்" என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். செல்லப்பாண்டிக்கும் தெரிந்திருந்தது. அவர் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை.

அவர் யார், எப்படிப்பட்டவர் என்று அதற்குப் பிறகுதான் விசாரித்தேன். கடமலைக்குண்டில் பிறந்தவர், பெண் எடுத்த ஊர் இது. நல்ல டிரைவர். ஆனால் குடியால் பேர் கெட்டுப்போய், யாரும் வண்டியைக் கொடுப்பதில்லை. சும்மா இருக்கிறான், ஆஸ்பத்திரியிலாவது போய் உட்காரட்டும் என்றுதான் சுருளிராஜ் அவரைப் பிடித்திருக்கிறார். வண்டியை நம்பிக் கொடுக்கத் தைரியம் வராத ஆளிடம் வைத்தியத்தை நம்பிக் கொடுத்திருக்கிறார்.

4. ஊதினால் ஜீரோ

அடுத்த வாரம் ஒரு நாள் சாயங்காலம், பைபாஸில் வாகனச் சோதனை நடத்திக்கொண்டிருந்த எஸ்.ஐ. எனக்குப் போன் செய்தார்.

"மேடம், உங்க கோர்ட்டு ஆளு ஒருத்தன் இங்கன நின்னு என் உசுர வாங்குறான்."

"யாரு சார்?"

"செல்லப்பாண்டியாம். யாரோட டிவிஎஸ்ஸையோ ஓட்டிக்கிட்டு அவனா வந்து நின்னான். குடிச்சிருக்கேன், ஊத வைங்கன்னான். ஊதச் சொன்னேன். ஜீரோ வருது. மிஷின் ரிப்பேரா இருக்கும், இன்னொருக்கா ஊதுறேங்கிறான். மறுபடியும் ஜீரோ. இப்ப என்னடான்னா, நீங்களா ஒரு நம்பர போட்டு கேஸ எழுதிக்கங்க சார்ங்கிறான். கேஸு போடாதீகன்னு கால்ல விழுகுறவன தெனமும் பாக்குறேன். போடுங்கன்னு கால்ல விழுகுறவன இன்னைக்குத்தான் பாக்குறேன். இவன என்ன செய்ய?"

ஒரு மனிதர் சிகிச்சை பெற வேண்டுமென்பதற்காகக் குற்றவாளியாக முயன்றுகொண்டிருக்கிறார். அதற்குத் தேவையான குற்றத்தையும் அவரால் செய்ய முடியவில்லை.

"அந்த மிஷின் சீட்டை அவர் கையில கொடுத்து நாளைக்குக் காலையில கோர்ட்டுக்கு வரச் சொல்லுங்க சார். மத்ததை நான் பாத்துக்கிறேன்" என்றேன்.

மறுநாள் கோர்ட் கூடுவதற்கு முன் அவரை நீதிபதியின் அறைக்குக் கூட்டிப் போனேன். யாரைக் கேட்டு அழைத்து வந்தீர்கள் என்று கேட்டால் கேட்கட்டும் என்று ஒரு வீம்பு. ஐயா கேட்கவில்லை. செல்லப்பாண்டி அந்தச் சின்னத் தாள் சீட்டை இரண்டு கையாலும் மேசை மேல் வைத்தார். நீதிபதி அதை எடுத்துப் பார்த்தார்.

"எதுக்குய்யா இப்படிப் பண்ணுனீங்க?"

"கேஸு இருந்தாத்தான் மருந்துன்னாக. குடிச்சிருந்தாத்தான் கேஸுன்னாக. குடிக்க மனசு வரலீங்கய்யா. குடிக்காமப் போனா புடிக்க மாட்டேங்கிறாக."

நீதிபதி மெதுவாகக் கேட்டார். "ஒரு குவார்ட்டர் அடிச்சிட்டுப் போயிருந்தா நீங்க கேட்டது கிடைச்சிருக்குமே. அது தோணலையா?"

"தோணுச்சுங்கய்யா. கடை வாசல் வரைக்கும் போனேன். துட்டும் கையில இருந்துச்சு. எம் மக ஒண்ணு, ரெண்டாப்பு படிக்குது. நான் வீட்டுக்குள்ள வந்ததும் ஓடியாந்து வாய மோந்து பாக்கும். நாத்தம் அடிச்சா அவுக ஆத்தா பக்கத்துல போயிப் படுத்துக்கிரும். இல்லாட்டி எங்கூடப் படுக்கும். இப்பக் கொஞ்ச நாளா அது மோந்து பாக்குறதே இல்ல. நேரா வந்து படுத்துக்கிருது. மறுபடியும் அதைய மோந்து பாக்க வைக்கச் சொல்றீகளா ஐயா?"

எத்தனையோ கொலைக் கேஸ், அடிதடி, கண்ணீர் எல்லாம் பார்த்தவள் நான். அன்றைக்கு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

நீதிபதி அந்தச் சீட்டைத் திருப்பிக் கொடுக்கவில்லை. "கம்ப்யூட்டரை ஆன் பண்ணுங்கம்மா" என்றார். கமிட்டிக்குக் கடிதம். அவர் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். குற்றம் ஒப்புக்கொண்டவர்களுக்கு மட்டும் என்ற நிபந்தனையை நீக்கி, சிகிச்சை கேட்டு நீதிமன்றத்துக்கு வரும் எவருக்கும் சீட்டு வழங்க அனுமதிக்க வேண்டும் என்பது சாரம். காரணம் என்ற இடத்தில் நீண்ட பத்தி ஒன்று சொன்னார். பிறகு அதை அழிக்கச் சொல்லிவிட்டு, "இணைப்பைக் காண்க" என்று மட்டும் போடச் சொன்னார். இணைப்பு அந்த ஜீரோ சீட்டு.

பதில் வரும்வரை என்ன செய்வது? ஆலோசகர் அம்மா, தன் வேலை நேரம் முடிந்த பிறகு செல்லப்பாண்டி வந்து உட்காரலாம், பேசுவதற்கு யாரும் சீட்டுக் கேட்க முடியாது என்றார். மாத்திரையைச் சுருளிராஜ் வெளிக்கடையில் வாங்கிக் கொடுத்தார். "எனக்குப் பதிலா உக்காந்து லைசென்ஸையும் தொலைச்சுட்டான், இப்ப மாத்திரையும் என் தலையில" என்று ஸ்டாண்ட் முழுக்கப் புலம்பிக்கொண்டே வாங்கிக் கொடுத்தார். அவர் குணம் அது.

5. இப்போது

கமிட்டி ஒப்புக்கொண்டது. உடனே இல்லை, இழுத்தடித்து, இரண்டு விளக்கம் கேட்டு, அப்புறம்தான். புது விதிப்படி முதல் சீட்டை நானே எழுதிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு யார் யாரோ வந்தார்கள். சாட்சி சொல்ல வந்தவர், ஜாமீன் கொடுக்க வந்தவர், ஒரு தடவை எங்கள் வக்கீல் ஒருவரே தலையைக் குனிந்துகொண்டு வந்தார். சீட்டை மடித்துக் கையில் கொடுத்தேன். எல்லாரும் குணமானார்கள் என்று பொய் சொல்ல மாட்டேன். பாதியில் ஓடிப்போனவர்கள் நிறைய. சுருளிராஜும் பிறகு தானே போனார். இரண்டு வாரம் நன்றாக இருப்பார், மூன்றாவது வாரம் சறுக்குவார், மறுபடியும் போவார்.

வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். அபராதம் என்பது தப்பு செய்தவனிடம் வாங்கும் பணம். அந்தப் பணத்தில் வாங்கும் மருந்தும் தப்பு செய்தவனுக்கு மட்டும்தான் என்று எழுதி வைத்தீர்கள் என்றால், மருந்து வேண்டியவனைப் போய்த் தப்பு செய்துவிட்டு வா என்று நீங்களே அனுப்புகிறீர்கள். ஒரு விதியை டைப் அடிக்கும்போது, அந்த வாசலுக்கு வெளியே யார் நிற்பார் என்று ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு அடியுங்கள். அதற்குச் சட்டப் படிப்பு வேண்டாம், கண் இருந்தால் போதும்.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள் குமுளிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போக, விடியற்காலையில் ஜீப் ஸ்டாண்டுப் பக்கம் பஸ்ஸுக்கு நின்றேன். சுருளிராஜின் ஜீப் புறப்படத் தயாராக இருந்தது. லைசென்ஸ் திரும்பி வந்துவிட்டது, ஆனாலும் அவர் ஓட்டுவதில்லை. மலைக்குப் போகிற நாளெல்லாம் செல்லப்பாண்டிதான் வண்டி எடுக்கிறார் என்று ஏற்கெனவே கேள்விப்பட்டிருந்தேன். தூக்குச்சட்டியும் தலைத்துண்டுமாகப் பெண்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். கடைசியாக ஏறப்போன அம்மாளை எனக்குப் பழக்கம். ஒரு கேஸில் சாட்சி சொல்ல வந்தவர்.

"எப்படி ஓட்டுறாரு உங்க புது டிரைவரு?" என்று கேட்டேன்.

அவர் படியில் ஒரு காலை வைத்தபடி யோசித்தார்.

"என்னத்தச் சொல்ல. முந்தியெல்லாம் சாயங்காலம் மலை எறங்கையில ஒருத்தி கண்ண மூட மாட்டோம். கம்பியப் புடிச்சுக்கிட்டு சாமியக் கும்புட்டுக்கிட்டே வருவோம். இப்ப வண்டி கெளம்புனதுந் தெரியாது, எறங்குனதுந் தெரியாது. அம்புட்டுப் பேரும் தூங்கிப்போறோம்."